சர்க்காரி வயசும் அஸ்லி வயசும்

எங்கள் தீவில் ஒருவரிடம் வயதைக் கேட்டால் உடனே பதில் வராது. "சர்க்காரியா, அஸ்லியா?" என்று எதிர்க்கேள்விதான் வரும். சர்க்காரி என்றால் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பது. அஸ்லி என்றால் பெற்றவளுக்குத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று வருடம் வித்தியாசம் இருந்தால் அவன் யோக்கியன். ஐந்து இருந்தால் சாமர்த்தியசாலி. இரண்டும் ஒன்றாகவே இருப்பவர்களை என் முப்பத்தைந்து வருட வேலையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லியிருப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது என் வேலை. புற்றா இல்லையா என்று சொல்வது டாக்டர். சொல்லும்படியாகச் சீவித் தருவது நான். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. டாலிகஞ்சில் வீடு, வாசலில் இரண்டு பாக்கு மரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கே ஒரு ரத்தப் பரிசோதனை என்று காலம் போகிறது. அந்தப் பரிசோதனை எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற மாதம் டாக்டர் பிரபாகர் வீட்டுக்கு வந்தார். மேன்லாண்டிலிருந்து எங்கள் கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர், திருச்சிப் பக்கம். பழைய ஃபாரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாக்கில் அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார். புராஸ்டேட் பயாப்ஸி செய்துகொண்ட ஆண்களின் வயதுக்கும், அதில் தெரிந்த புற்றுநோயின் கடுமைக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கிறார். லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினார்.

"வயசு ஏற ஏற இந்த நோய் அதிகம் தெரியும் சார். கடுமையும் கூடும். கோடு படிக்கட்டு மாதிரி ஏறணும். இங்க மட்டும் ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டுலயே மேல போய் உட்கார்ந்திருக்கு. கடல் காத்தா, கருவாடா, பாக்கா? ரிட்டயர் ஆகப்போற மன அழுத்தமாக்கூட இருக்கலாம்னு ஒரு யோசனை."

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரையேறிவிட்டது.

"இன்னொண்ணு சார். ஒவ்வொரு ஃபாரத்துக்குப் பின்னாடியும் பென்சில்ல ஒரு நம்பர் இருக்கு. உங்க கையெழுத்துன்னு சொல்றாங்க. அலமாரி நம்பரா?"

அலமாரி நம்பர் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது என்ன நம்பர் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்தவர், டிபார்ட்மென்ட் ஆண்டு மலருக்கு இதையே எழுதிக் கொடுங்கள் என்றார். ஆண்டு மலரை யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வயதுகளை மாற்றவில்லை. மாற்றியவரை போதும்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து பொதுப்பணித் துறையில் மேஸ்திரியாக இருந்தவர். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மூன்று வருடத்தைக் குறைத்து, ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்தோம். மேன்லாண்டில் இரண்டு வருடப் படிப்பு, பிறகு இங்கே கூடம். முதல் ஆறு மாதம் பாட்டில் கழுவினேன், அடுத்த ஆறு மாதம் கையை வெட்டிக்கொண்டேன், பிறகு வேலை வந்துவிட்டது.

புராஸ்டேட் பயாப்ஸி என்பது பொறுமைக்காரன் வேலை. ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு இழை, பன்னிரண்டு பாட்டில். ஒவ்வொரு இழையும் சேமியாவை விட மெல்லியது, பார்மலினில் சுருண்டு கிடக்கும். அதை நிமிர்த்தி, ஸ்பாஞ்சுக்கு நடுவில் படுக்கவைத்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட வேண்டும். இல்லையென்றால் மெழுகுக்குள் போன பிறகு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். மெழுகில் இழை நேராகப் படுத்திருந்தால்தான் சீவும்போது முழு நீளமும் வரும். கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தால் பாதி போய்விடும். அந்தப் பாதியில்தான் புற்று இருந்திருக்கும். அந்தப் பயம் எனக்குக் கடைசி நாள் வரை போகவில்லை.

சீவுவதற்கு முன் மெழுகுக் கட்டி சில்லென்று இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் போச்சு. படகுகள் வந்து நிற்கும் மீன் ஜெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி வந்து சமாளிப்போம். ஒருமுறை கேம்ப் டாக்டர் எங்கள் கூடத்துக்குள் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது பார்மலின் வாடையா, சூரை மீன் வாடையா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

கேம்ப் டாக்டர் என்பவர் மேன்லாண்டிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் சிறுநீரக அறுவை டாக்டர். வருவார், ஊசி போட்டு இழை எடுப்பார், போய்விடுவார். அடுத்த கேம்பில் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்வார். கெட்டிக்காரர், நேரம் இல்லாதவர். நேரம் இல்லாத கெட்டிக்காரர்களுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கும். அவருடையது எழுபத்தைந்து. வயது அதற்குக் கீழே என்றால் மேன்லாண்டுக்கு அனுப்பி, கத்தியோ கதிர்வீச்சோ முழு வைத்தியம். மேலே என்றால், "விடுங்க. இது மெதுவா நகர்ற நோய். தாத்தா அதுக்கு முன்னாடி நகர்ந்துருவார்." அவர் சொன்னதில் தப்பும் இல்லை. முதுமையில் வரும் மெதுவான புற்று பல பேரோடு கூடவே இருந்து, கூடவே போகும். ஆளைக் கொல்லாது. வைத்தியம்தான் படுத்தும்.

எங்கள் மேடம் அதற்கு நேரெதிர். மைக்ராஸ்கோப் பார்க்கும் டாக்டர் அவர்தான். பூர்வீகம் பாலக்காடு, பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழும் மலையாளமும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். கோபம் வந்தால் மூன்றும் நின்று மௌனம் வரும். வந்த முதல் வாரமே ஒரு சட்டம் போட்டார்.

"ஃபாரம் குப்புற வெச்சு தா, கதிரேசா. கண்ணாடி மட்டும் நேரா இருந்தா மதி. வயசு பார்த்தா கண்ணு அதைத்தான் தேடும். கிழவன்னா புற்று தேடும், சின்னப் பையன்னா இல்லைன்னு தேடும். ஸ்லைடுக்கு வயசு மாலூம் நஹி, தெரியாது."

அப்படியே செய்தேன். அவர் முழுக்கப் பார்த்து, நம்பர் போட்டு முடித்த பிறகுதான் ஃபாரத்தைத் திருப்புவார். அந்த நம்பரை எனக்கு அவர் விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. "மூணுன்னா செல்லு வரிசைல நிக்கிறான், கொஞ்சம் தள்ளுமுள்ளு. நாலுன்னா கும்பல் கூடியாச்சு. அஞ்சுன்னா கலவரம்." அதிகமாகத் தெரிவதையும் அடுத்ததையும் கூட்டிப் போடுவார்கள். நாலும் மூணும் ஏழு என்றால் கும்பல் முன்னால் நிற்கிறது என்று அர்த்தம்.

ஃபாரத்தில் வயதை நிரப்புவது என் வேலை. வராந்தாவில் உட்கார்ந்து கேட்பேன். சர்க்காரியும் வரும், அஸ்லியும் வரும். முன்பக்கத்தில் சர்க்காரி, பேனாவில். அது ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். அஸ்லியைக் கேட்டுவிட்டு வீணாக்க மனமில்லை. பின்பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அரசாங்கத்தில் இந்த இரண்டும் இல்லாத வேலைதான் ஒழுங்காக நடக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கேம்ப் நாளில் முத்துராக்கு வந்தார். திக்லிபூரிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்த ஆள். கூட வந்த ஒரு நோயாளியின் டிரங்குப் பெட்டியையும் சேர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். காட்டிலாகாவில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டில் எழுபத்தெட்டு என்று இருந்தது.

"சர்க்காரியா, அஸ்லியா?" என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்தார். "சர்க்காரிதான் எழுபத்தெட்டு. அஸ்லி எழுபத்தொண்ணு."

"என்ன பாய், உல்டாவா இருக்கு? ஊரெல்லாம் குறைப்பாங்க, நீங்க கூட்டி வெச்சிருக்கீங்க?" இங்கே யாரானாலும் பாய்தான், அண்ணன் தம்பி என்று அர்த்தம்.

"நான் எங்க வெச்சேன்? எங்க அண்ணன் வெச்சான்." குரலைத் தாழ்த்தினார். "காட்டிலாகா வேலைக்கு ஆள் எடுத்தப்ப அண்ணன் பேரு வந்துச்சு. கப்பலுக்கு மொத வாரம் காய்ச்சல்ல போயிட்டான். வந்த ஆர்டர் காகஸை வீணாக்கக் கூடாதுன்னு எங்கய்யா என்னைய ஏத்திவிட்டாரு. அவன் இருபத்திரண்டு, நான் பதினஞ்சு. முத்துராக்குங்கிறது அவன் பேரு. நான் சோலைமலை."

கிணற்றுக்குள் பேசுவது போலச் சொன்னார். நான் பின்பக்கத்தில் 71 என்று எழுதினேன். அவர் சிரித்தார். "கேட்டுக்க. எல்லாரும் மூணு வருசம் கூட உட்கார்ந்து ரிட்டயர் ஆனாங்க. நான் ஐம்பத்து மூணுல மாலை போட்டு எந்திரிச்சேன்." அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பாய், அது என்ன எழுதுற? அழி. அழிச்சிரு. யார் கண்ணுலயாவது பட்டா பென்சன் போச்சு. வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் போயிருச்சு, எந்திரிக்க மாட்டா. எனக்கும் அவளுக்கும் அது ஒண்ணுதான்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, ரப்பரை எடுத்து அழித்தேன். அதுவரை எந்த ஃபாரத்திலும் நான் அழித்ததில்லை.

அவருடைய இழைகளை மறுநாள் நானே சீவினேன். பன்னிரண்டில் ஐந்தில் புற்று இருந்தது. மேடம் குனிந்த தலை நிமிராமல், "நாலு ப்ளஸ் மூணு" என்றார். ஃபாரத்தைக் கையில் எடுத்தார். ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு திருப்பி, எழுபத்தெட்டு என்று பார்த்து, ரிப்போர்ட் எழுதிவிட்டார்.

அடுத்த கேம்பில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஸ்கேன் படங்களில் நோய் புராஸ்டேட்டுக்கு வெளியே போகவில்லை என்று தெரிந்தது. முழு வைத்தியத்துக்கு ஏற்ற நிலைமை. ஆனால் வயது எழுபத்தெட்டு. "விடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பாருங்க, போதும்." இரண்டு நிமிடம்.

மனிதர் நேராக என்னைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறையக் கொட்டைப்பாக்கு.

"பார்த்தியா பாய், அண்ணன் வயசு காப்பாத்திருச்சு! கத்தி கிடையாது, கரண்டு கிடையாது. ஏழு வருசம் புடுங்கிக்கிட்டவன் ஒரு நாளாவது உதவுனானே!"

எழுபத்தொன்று என்று தெரிந்திருந்தால் அதே டாக்டர் அதே இரண்டு நிமிடத்தில் அவரை மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பார். தோளில் டிரங்குப் பெட்டி தூக்கும் ஆளுக்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. நாலு ப்ளஸ் மூணு அவ்வளவு காலம் சும்மா இருக்காது. இதை ஒருவழியாகச் சொன்னேன். அவர் பையை மேஜையில் வைத்தார்.

"நான் போனா அவளுக்குப் பாதிப் பென்சன் வரும். நெசத்தைச் சொன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது. நீயே சொல்லு, எது லாபம்?" பையை என் பக்கம் தள்ளினார். "நாளைக்கழிச்சு பஸ். பத்துபஸ்தில மச்சான் வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாக்கை நான் தொடவில்லை. மறுநாள் காலை மேடத்தின் முன் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். வாக்குக் கொடுத்து அழித்ததையும், பதினொரு வருடமாகப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவருவதையும் சேர்த்து. மெமோ வரும் என்று நினைத்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதிரேசா, ஃபாரம் குப்புற வெச்சா எந்தப் பக்கம் மேல வரும்?"

"பின்பக்கம் மேடம்."

"அப்போ பதினொரு கொல்லமா நான் எது பார்த்துண்டிருக்கேன்? ஆதியத்துல வயசு பார்க்கக் கூடாதுன்னுதான் குப்புற வெக்கச் சொன்னேன். ஒரு மாசத்துல நீ அங்கயும் வயசு எழுத ஆரம்பிச்சே. அதுவும் சரியான வயசு. போட்டும்னு விட்டேன். இவரோட ஃபாரத்துல ரப்பர் தேய்ச்ச பாடு இருந்தது. கேட்கணும்னு நினைச்சேன், கேட்கலை. தெற்று என்டேதும் உண்டு, என் தப்பும்தான்."

ஸ்லைடுக்கு வயசு தெரியாது என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் ரிப்போர்ட்டில் ஒரு கூடுதல் குறிப்பு எழுதினார். பொய் ஒரு வார்த்தை கிடையாது. "நோயாளியின் உடல் வலு, பதிவான வயதுக்குப் பொருந்தவில்லை என்று அறிகிறேன். வயதை மட்டும் கணக்கில் கொள்ளாமல், நேரில் மதிப்பிட்டு முடிவு செய்யவும்." கேம்ப் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது; கேம்ப் டாக்டர் வார்டிலிருந்து போனில் கத்தியது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. ஆளைக் கண்ணால் பார்க்காத டாக்டர் உடல் வலுவைப் பற்றி எழுதுவதா? மேடம் அமைதியாக, "நீங்க கண்ணால் பார்த்தேளா, சீட்டைப் பார்த்தேளா?" என்றார். "சரி, ஆளை வரச் சொல்லுங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பத்துபஸ்திக்கு ஓடினேன். சோலைமலை மச்சான் வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது! வயதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்து பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கேம்ப் டாக்டர் அவரை மூன்று மாடி ஏறச் சொன்னார். தானும் கூடவே ஏறினார், ஏமாற்றிவிடக் கூடாதே என்று. மேலே போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்குத்தான் மூச்சு வாங்கியது. சோலைமலை அவர் முதுகைத் தடவி, "தண்ணி குடிங்க சாப்" என்றார். அன்றே மேன்லாண்டுக்குச் சீட்டு எழுதினார்கள். சீட்டில் வயது எழுபத்தெட்டுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. மெட்ராஸில் கதிர்வீச்சு முடிந்து, மூன்று மாதத்தில் கப்பலிலேயே திரும்பி வந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. கேம்ப் டாக்டர் அவரைப் பார்த்துப் பார்த்து வியந்து, எழுபத்தைந்துக் கோட்டையே தூக்கிவிட்டார். "எழுபத்தெட்டு வயசுல எப்படித் தாங்கினார் பாருங்க! வயசை வெச்சு யாரையும் ஒதுக்கக் கூடாது" என்று ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். அதன் பிறகு வந்த நிஜமான எழுபத்தெட்டு வயதுக்காரர்களையும் நிறுத்தி, நடக்கவிட்டு, மூச்சுப் பார்த்து முடிவு சொன்னார். அதுதான் சரியான முறை. சரியான முறை எங்கள் தீவுக்கு ஒரு தப்பான வயதின் தோளில் ஏறி வந்தது.

இனி என் சொந்தக் கதை. சர்வீஸின் கடைசி வருடம் என் ரத்தப் பரிசோதனையிலேயே புராஸ்டேட் எண் மேலே ஏறி நின்றது. அதே கேம்ப் டாக்டர், அதே ஊசி, பன்னிரண்டு இழை. வேறு ஆள் இல்லாததால் என் இழைகளை நானே மெழுகில் படுக்கவைத்தேன், நானே சீவினேன். தன் தலையைத் தானே சிரைத்துக்கொள்வது சிரமம் என்பார்கள். இது அதைவிடச் சிரமம். ஃபாரத்தில் ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். குப்புறப் போட்டு மேடத்தின் முன் வைத்தேன்.

மேடம் பார்த்தார். ஒரே ஒரு இழையில், மூணு ப்ளஸ் மூணு. விட்டுவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஃபாரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா, கதிரேசா?"

"இவ்வளவுதான் மேடம்."

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஊரார் அஸ்லியை எல்லாம் வராந்தாவில் சத்தம் போட்டுக் கேட்டவன் நான். மேடம் ஒன்றும் சொல்லாமல் எழுதிவிட்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தது.

டாக்டர் பிரபாகர் நேற்று மறுபடி வந்தார். பென்சில் எண்களை வைத்து மறுபடி போட்டதில் கோடு ஒழுங்காகப் படியேறுகிறதாம். கடல் காற்றும் கருவாடும் குற்றமற்றவை என்று தீர்ப்பாகிவிட்டது. ஆராய்ச்சியில் பெயர் எதுவும் வராது. ஒரு ஃபாரத்தில் மட்டும் பின்பக்கம் அழித்திருக்கிறதே, அங்கே என்ன இருந்தது என்று கேட்டார்.

நான் கொடுத்த வாக்கு அது. அவர் எதிரிலேயே திக்லிபூருக்குப் போன் போட்டேன். சோலைமலைக்கு அஸ்லியில் எண்பது. குரல் அப்படியே இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணனுக்கு எண்பத்தேழு ஆச்சு பாய். வருசா வருசம் நவம்பர்ல பாங்குக்குப் போயி அவன் உசுரோட இருக்கான்னு கையெழுத்துப் போட்டுட்டு வாரேன். எனக்கு எங்கயும் வயசு கிடையாது. ரேசன் கார்டுல இல்ல, ஆஸ்பத்திரிச் சீட்டுல இல்ல. உன் பென்சில்லதான் அஞ்சு நிமிசம் இருந்துச்சு. எழுதச் சொல்லு. பேரு மட்டும் வேணாம்."

பிரபாகர் அழித்த இடத்திலேயே 71 என்று எழுதினார். பிறகு பையிலிருந்து இன்னொரு ஃபாரத்தை எடுத்து, என் முன்னால் குப்புற வைத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. யாருடையது என்று திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவர் பென்சிலை நீட்டினார்.

அறுபத்திரண்டு என்று எழுதினேன்.

அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது சர்க்காரியா, அஸ்லியா?" வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

"அஸ்லி" என்றேன். மேஜைமேல் கிடந்த ரப்பரை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.